கிராம சபை நாளில் மாணவர்களுக்கு வருகைப்பதிவு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கு ஊர்ப் பொதுக் காரியங்களில் அக்கறை இல்லை என்று பலரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, குறை மாணவர்களிடம் மட்டும் இருப்பதாகத் தோன்றவில்லை.

தமிழகத்தில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூட வேண்டும். அவற்றுள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை விடுமுறை நாள்கள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய இரண்டும் அப்படியல்ல. ஊரில் குடிநீரைப் பற்றிப் பேசும்போது மாணவர்கள் வகுப்பறையில் இருக்கிறார்கள்.

ஓர் அக்டோபர் 2 அன்று எங்கள் ஊர்ப் பள்ளி வளாகத்தில் கூடிய சபைக்கு, என்னிடம் படித்த வணிகவியல் மாணவி ஒருவர் வந்திருந்தார். ஊராட்சிச் செயலர் வரவு செலவை மளமளவென்று வாசித்து முடித்ததும் அவர் எழுந்து, அடிபம்பு பழுதுபார்த்த செலவை மறுபடி வாசிக்கச் சொல்லி, "எந்தத் தெரு பம்பு, ஐயா?" என்று கேட்டார். செயலர் பதிவேட்டைப் புரட்டித் தெருப் பெயரைச் சொன்னதுதான் தாமதம், "அதுல ரெண்டு மாசமா தண்ணியே வரலையே!" என்று பெண்கள் பக்கமிருந்து குரல்கள் எழுந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியவர்கள்கூடத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பம்பைச் சரிசெய்யும் தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டது.

சபையில் உறுப்பினராக இருக்க அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். 17 வயது நிறைந்தவர்கள், அப்பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான விண்ணப்பமாகிய படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். 18 நிறைந்ததும் பெயர் சேரும். விடுதி முகவரியில் பதிந்துகொண்டால் சொந்த ஊர்ச் சபையில் அந்த உரிமை இருக்காது என்பதையும் கல்லூரிகளில் நடக்கும் வாக்காளர் சேர்க்கை முகாம்களில் எடுத்துச் சொல்வது நல்லது.

ஆகவே, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களில் தம் ஊர்ச் சபைக்குச் சென்று வரும் மாணவர்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வகுப்புக்கு வந்ததாகவே கணக்கிடும் வருகைப்பதிவு) வழங்குமாறு உயர்கல்வித் துறை எல்லாக் கல்லூரிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் நிறைவுசெய்ய வேண்டிய 240 மணி நேரத்தில் இதையும் சேர்க்கலாம். இதற்கென்று மாணவர்களைத் தனிச் சான்றிதழுக்கு அலையவிட வேண்டியதில்லை. சபையின் வருகைப் பதிவேட்டில் அவர்கள் இட்ட கையெழுத்தின் நகலே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.