‘ஏஐ தொடாத தொழில்’ தேடும் பெற்றோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பிள்ளையை எந்தப் பிரிவில் விடுவது என்று வீட்டுக்கு வீடு கதை தொடங்கும். இப்போது அதோடு, எதைப் படித்தால் ஏஐ வந்து பறிக்காது என்ற கேள்வியும் சேர்ந்துவிட்டது. ‘அழியாத பத்துத் தொழில்கள்’ என்று முகநூலில் பட்டியல் ஓடுகிறது. பத்திரிகைகளும், உங்களுடையது உட்பட, அவ்வப்போது ஒன்று போடுகின்றன. என் மகளுக்கு ரியூசன் கொடுக்கும் ஒரு ஆசிரியர் கொம்பியூட்டர் பக்கமே போகாதே என்கிறாராம். இன்னொருவர் ஏஐ படித்தால்தான் சோறு என்கிறாராம். இரண்டு பேரும் படிப்பிப்பது ஒரே கட்டடத்தில்.

நான் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குக் கிட்ட ரைப்செற்றிங், போட்டோகொப்பி, மொழிபெயர்ப்புக் கடை வைத்திருப்பவள். என் தொழிலை விழுங்க வந்த இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் தட்டெழுத்துப் பழகிய காலத்தில் வேகம்தான் பெருமை. பிறகு கொம்பியூட்டர் வந்தது, பாமினி எழுத்துருவில் தட்டப் பழகினோம். பாமினி விரலில் ஏறிய பிறகு யூனிகோட் என்றார்கள். இப்போது கைத்தொலைபேசியில் கதைத்தாலே தமிழ் எழுத்தாக வந்து விழுகிறது. தொலைபேசியில் கதைக்க நிமிடக் கணக்கில் காசு வாங்கிய கொமியூனிகேஷன் கடைகள் இந்தத் தெருக்களில் எத்தனை இருந்தன! எல்லாம் ரீலோட் கடையாகி, அதுவும் போய், இன்று சில இடங்களில் கொத்துரொட்டிக் கடை.

எனக்கு ஒன்றும் குறையவில்லை என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளின் ஒப்படைகளும் சுயவிபரக்கோவைகளும் கடைக்கு வருவது நின்றே போய்விட்டது. கேட்டால் எழுதித் தரும் சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். அதற்கு முன் மாதக் கடைசியில் கடை வாடகையைத் தந்தது அந்த வேலைகள்தான்.

ஆனால் ஒரு சங்கதி கேளுங்கள். வெள்ளத்தில் வள்ளமும் வலையும் போய், நட்டஈட்டுக்குக் கடிதம் கொடுக்க மூதூர்ப் பக்கமிருந்து ஒரு நானா வந்தார். மகன் ஏஐயில் எழுதியதைத் தொலைபேசியில் காட்டினார், பிரிண்ட் எடுத்தால் போதும் என்றார். அப்படியொரு தமிழ் எனக்கு வராது, அவ்வளவு உருக்கம். ஆனால் வள்ளத்தின் பதிவு இலக்கம் இல்லை, கிராம சேவகர் பிரிவு இல்லை, எந்தக் கந்தோருக்கு என்பதும் பிழை. “நானா, வள்ளத்து நம்பர் எங்க?” என்றேன். “நம்பர் வள்ளத்திலதான் இருந்தது தங்கச்சி, வள்ளமே போயிட்டே” என்றார். பிறகு இருந்து கதைத்துக் கதைத்து, முன்பு மானியம் எடுத்த துண்டொன்று அலுமாரிக்கு மேலே பையில் கிடக்கும் என்பது அவருக்கு நினைவு வந்தது. மகன் அதைப் படம் எடுத்து அனுப்பினான், இலக்கம் அதில் இருந்தது. அந்த உருக்கத்தை வெட்டி அரைப்பக்கக் கடிதமாக்கிக் கொடுத்தேன்.

இந்தக் கேள்விகளையும் நாளைக்கு இயந்திரமே கேட்கும் என்கிறாள் என் மகள். கேட்கும்தான். ஆனால் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை மொழிபெயர்த்து, அடியில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துபவர், பிழை வந்தால் பதில் சொல்லவும் வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கும் இதற்கும் ஓர் எழுத்து மாறினால் ஆட்கள் என் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள். இந்த வேலையில் காசு கொடுப்பது பாதி அதற்காகத்தான்.

பட்டியல் போடுகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. ஏஐயின் பெரிய தலைகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2016இல் சொன்னதைப் பாருங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துச் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களைப் பயிற்றுவதை இப்போதே நிறுத்துங்கள், ஐந்து வருடத்தில், மிஞ்சிப்போனால் பத்தில், இயந்திரம் அவர்களைவிடத் திறமாகப் பார்க்கும் என்றார். 2024இல் அவருக்கு பௌதிகவியல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் இன்றும் பல நாடுகளில் அந்த மருத்துவர்களுக்குத் தட்டுப்பாடு. அவர் பேச்சைக் கேட்டு அந்தத் துறையை விட்ட பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

மற்றப் பக்கமும் உண்டு. அமெரிக்காவில் ஏரிஎம் வந்ததும் வங்கிக் காசாளர்கள் ஒழிந்துவிடவில்லை. ஒரு கிளை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகள் பெருகின, பல வருடங்கள் காசாளர் தொகை சற்றுக் கூடியே இருந்தது என்று பொருளியலாளர் ஜேம்ஸ் பெசன் எழுதினார். அதை நம்பி நிம்மதியாக இருந்தவர்களுக்கும் பிறகு அடி விழுந்தது, வங்கி கைத்தொலைபேசிக்குள் வந்ததும் அந்த வேலை குறையத் தொடங்கியது.

அதோடு, ஏஐ ஒன்றுதான் நாளையைக் குழப்புகிறது என்பது போலப் பேசுவது திருகோணமலைக்காரருக்குப் பொருந்தாது. யுத்தம், 2004 சுனாமி எல்லாம் கிடக்கட்டும். 2022 செப்டம்பரில் நாட்டின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். நிரந்தரச் சம்பளம் என்று நாம் கும்பிட்ட அரச உத்தியோகக்காரரே மாதம் முடியுமுன் கடன் கேட்டு அலைந்தார்கள். அப்போது தாக்குப்பிடித்தவர்களை நான் கவனித்தேன். கடன் இல்லாதவர்கள், இரண்டாவதாக ஒரு கைவேலை தெரிந்தவர்கள், நாலு பேரிடம் நல்ல பேர் வைத்திருந்தவர்கள். பட்டதாரியா, மேசனா என்பது இரண்டாம் பட்சம்தான். இன்றைக்கு லீசிங்கில் வாகனம் எடுத்து, வராத சம்பளத்தை நம்பி மாடி கட்டுகிறவர்களைத்தான் ஏஐ முதலில் பிடிக்கும் என்று எனக்குப் படுகிறது. தவணை தலைக்கு மேலே இருந்தால் வேலை மாறத் துணிவு எங்கே வரும்?

மகள் உயிரியல் எடுத்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கலாம் என்று அவளுக்கு ஓர் எண்ணம். கொம்பியூட்டரிலும் விருப்பம். எதைச் செய் என்று நான் சொல்லவில்லை. விடுமுறையில் ஒரு மருத்துவரிடமும், மென்பொருள் வேலை செய்யும் எங்கள் சொந்தக்காரப் பையனிடமும் போய் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார் என்றேன். ஆட்களுடைய நோவை நாள் முழுக்கக் கேட்க அவளுக்குப் பொறுமை இருக்கிறதா, பிடிபடாத ஒரு பிழையை இரவிரவாகத் தேடப் பிடிக்குமா என்பது அங்கேதான் தெரியும். பிடித்த வேலை என்றால் அது மாறும்போது கூடவே மாறிப் பழகுவாள். மாலையில் கடற்கரையில் வலைப்பந்து விளையாடுவதை மட்டும் ரியூசனுக்காக நிறுத்தாதே என்றும் சொல்லியிருக்கிறேன். அவள் அப்பாவுக்கு இதில் உடன்பாடில்லை, அது வேறு கதை.

உங்களிடம் கேட்பது இதுதான். பட்டியலை நிறுத்திவிட்டு, வாரம் ஒருவரைப் போய்ப் பாருங்கள். சீனன்குடாவில் ஆலை இயந்திரம் பார்ப்பவர், நிலாவெளி ஹோட்டலில் முன்மேசையில் இருக்கும் பிள்ளை, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், வீடுகளுக்கு மின்சார வயரிங் செய்யும் பாஸ் என்று யாராக இருந்தாலும் சரி. காலையில் இருந்து என்ன செய்கிறார், போன ஐந்து வருடத்தில் கையைவிட்டுப் போன வேலை எது, புதிதாகச் சேர்ந்தது எது என்று கேட்டு எழுதுங்கள். சம்பளத்தையும் கட்டாயம் போடுங்கள், பிள்ளைகளுக்கு ஒருவரும் அதைச் சொல்வதில்லை. திருகோணமலையில் ஆள் பிடிப்பது கஷ்டமென்றால் உங்கள் நிருபரைக் கடைக்கு அனுப்புங்கள், பாதி ஊரின் விண்ணப்பம் என் கையால் போனதுதான்.

இப்படிக்கு,
ரைப்செற்றிங் கடைக்காரி,
உவர்மலை, திருகோணமலை.