துடைப்பம் பிடிக்கத் தெரியாத பெண்ணைப் பற்றி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய 'எஸ்பெரான்சா ரைசிங்' நாவலைப் படித்து முடித்துவிட்டேன். பாம் முன்யோஸ் ரயான் தம் பாட்டியின் வாழ்க்கையைத் தழுவி எழுதி, 2000இல் வெளியிட்ட கதை. கலிபோர்னியாவில் உன் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அருகில் உள்ள ஆர்வினில் நடப்பதால்தான் நீ அதைக் கையில் எடுத்தாய் என்று தெரியும். "முதல் பாதியில் அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை அம்மா, அவ்வளவு திமிர்" என்று கதாநாயகி எஸ்பெரான்சாவைப் பற்றித் தொலைபேசியில் சொன்னாய். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

1930இல் மெக்சிகோவின் அகுவாஸ்காலியந்தேஸ் பகுதியில் பெரிய பண்ணைக்காரரின் ஒரே மகள் அவள். பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் அப்பாவைக் கொள்ளையர்கள் கொன்றுவிடுகிறார்கள். வீடும் எரிந்துபோகிறது. தாயும் மகளும் வேலைக்காரக் குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்குத் தப்பி வருகிறார்கள். ரயிலில் ஓர் ஏழைச் சிறுமி பொம்மையைத் தொடக் கை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாளே, அது திமிர்தான். ஆனால் அந்தப் பொம்மை அப்பா அவளுக்காக வாங்கி வைத்திருந்த கடைசிப் பரிசு. அதை எப்படிக் கொடுப்பாள்?

துன்பம்தான் அவளைப் பக்குவப்படுத்தியது என்றாய். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. துன்பப்பட்டு மனம் இறுகிப்போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பண்ணைத் தொழிலாளர் முகாமில் மேடையைக் கூட்டச் சொல்கிறார்கள். துடைப்பத்தை எப்படிப் பிடிப்பதென்றே அவளுக்குத் தெரியவில்லை. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ஒரு காலத்தில் அவள் வீட்டில் வேலை பார்த்தவர்களின் மகன் மிகேல்தான் அன்றிரவு அவளுக்குக் கூட்டக் கற்றுக்கொடுக்கிறான். குழந்தைத் துணி துவைக்கக் கற்றுக்கொடுப்பவளோ எட்டு வயது இசபெல்! தன்னைவிடச் சிறியவளிடம், தன் வீட்டு வேலைக்காரர் மகனிடம் மாணவியாக நிற்க அந்தப் பெண்ணால் முடிந்தது. அவள் வளரத் தொடங்கியது அங்கேதான் என்பேன்.

அதன் பிறகுதான் மற்றதெல்லாம். புழுதிப் புயலுக்குப் பின் அம்மா பள்ளத்தாக்குக் காய்ச்சலில் படுத்துவிட, இவள் உருளைக்கிழங்கு வெட்டவும் தண்ணீர்விட்டான் (அஸ்பாராகஸ்) தளிர்களைக் கட்டிப் பெட்டியில் அடுக்கவும் போகிறாள். வெண்ணெய்ப்பழத்தைக் குழைத்துக் கையில் பூசியும் கை பழையபடி ஆவதில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தும் பள்ளியின் மே விழா ராணியாகத் தேர்ந்தெடுக்கப்படாத இசபெலுக்கு, ரயிலில் தொடவிடாத அதே பொம்மையைத் தூக்கிக் கொடுக்கிறாளே, அந்தப் பக்கத்தில் நான் அழுதுவிட்டேன்.

பண்ணைகளில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஒருத்தியான மார்த்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடியேற்ற அதிகாரிகள் பிடிக்க வரும்போது, தன்னைக் கேலி செய்த அவளுக்கே எஸ்பெரான்சா வேலைக்குக் கட்டும் ஏப்ரனைக் கொடுத்துத் தொழிலாளிபோல் தப்பவிடுகிறாள். மார்த்தா அமெரிக்காவிலேயே பிறந்தவள். அந்த 1930களில் அப்படிப் பிறந்தவர்களையும் சேர்த்து லட்சக்கணக்கானோரை மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். அதற்காகக் கலிபோர்னியா 2005இல்தான் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. இலங்கையின் அட்டனில் பிறந்து, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 'உன் நாட்டுக்குப் போ' என்று கப்பலேற்றப்பட்ட உன் பாட்டியிடம் இதைச் சொன்னேன். "அங்கேயுமா?" என்று மட்டும் கேட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் மிகேல் பள்ளம் தோண்டும் வேலைக்குச் சம்மதித்தான் என்பதற்காக அவனை வாய்க்கு வந்தபடி பேசுகிறாள். பாதிக் கூலிக்கு வந்தவர்களுக்காக அவனைப் பட்டறையிலிருந்து நீக்கியிருந்தார்கள். பழைய பண்ணைக்காரர் மகள் திரும்பவும் எட்டிப் பார்க்கிறாள். நாவலாசிரியர் அதை மறைக்காமல் எழுதியதால்தான் அவள் வளர்ச்சியை நான் நம்புகிறேன். ஒரு திராட்சைப் பருவத்திலிருந்து அடுத்ததற்குள், ஒரே வருடத்தில், எந்தப் பெண்ணும் முழுதாக மாறிவிடுவதில்லை.

புது வார்டில் உதவியாளர்களிடம் சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, படித்த நர்ஸ் என்ன நினைப்பார்களோ என்று சொன்னாயல்லவா? கேள், கண்ணு. அந்த மருத்துவமனையில் இருபது வருடம் இருப்பவர்களுக்குத் தெரிந்தது உன் பாடப் புத்தகத்தில் இருக்காது.

இன்னொன்று. பள்ளத்தாக்குக் காய்ச்சல் அந்த மண்ணில் உள்ள பூஞ்சையால் இன்றும் வருகிறது என்று உனக்கே தெரியும். காற்றடிக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து வைக்காதே. இருமல் விடாமல் இருந்தால் நீயே மருந்து பார்க்காமல் டாக்டரிடம் போ. ஞாயிற்றுக்கிழமை பேசு, பாட்டி காத்திருப்பார்.

அன்புடன்,
அம்மா