அம்மா ஆடியோவை அழித்துவிடாதே

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது, பதில் போடாதது என் தப்புதான், மன்னித்துவிடு. வீட்டில் எல்லோரும் நலம், அக்காவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்க்கில் இடமில்லை, அம்மா பேசிய ஆடியோவையெல்லாம் பென்டிரைவில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ஒரே ஒரு பென்டிரைவை நம்பியா? வேண்டாம்டா. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அந்த ஆடியோ இல்லை, நீ போட்டு வைத்திருக்கும் புரோகிராம்கள்தான்.

என் 128 ஜிபி லேப்டாப்பிலும் போன மாதம் சி டிரைவ் சிவப்பாகி 3 ஜிபிதான் மிச்சம் இருந்தது, அப்டேட்டும் பாதியில் நின்றுவிட்டது. அப்போதுதான் ஃபைல்களைச் சுருக்கும் விண்டோஸ் கட்டளையான காம்பேக்டைத் தேடிப் பிடித்தேன். 2015இல் விண்டோஸ் 10 வந்ததிலிருந்து, எல்இசட்எக்ஸ் என்ற சுருக்கும் முறையில் புரோகிராம் ஃபைல்களை நன்றாக இறுக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது! முதலில் விண்டோஸையே சுருக்கினேன், 2 ஜிபிக்கு மேல் கிடைத்தது. அப்புறம் பெரிய புரோகிராம்களின் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக. முடிந்ததும் பிராப்பர்ட்டீஸைத் திறந்து பார், 'சைஸ்' அப்படியே இருக்கும், அதற்குக் கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்' மட்டும் இறங்கியிருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

சுருக்குவது என்றாலே உனக்கு ஹாஸ்டலும் அந்த 40 எம்பி டிஸ்க்கும்தான் ஞாபகம் வரும், நம் நண்பன் சோமு அன்று சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் அன்று செய்தது டிரைவ் முழுவதையும் ஒரே ஃபைலுக்குள் அடைத்த வேலை, அது கெட்டதும் உன் புராஜெக்ட்டும் சேர்ந்து போனது. இது ஃபைல் ஃபைலாக நடக்கிறது. புரோகிராம் ஓடும்போது தேவையானது மெமரியில் விரியும், டிஸ்க்கில் சுருங்கியபடியே இருக்கும்.

மெயில், டேட்டாபேஸ் மாதிரி தினமும் மாறுகிற ஃபோல்டர்களில் மட்டும் கை வைக்காதே. சுருக்கிய ஃபைலில் திரும்ப எழுதினால் அது பழையபடி விரிந்துவிடும், அதனால் புரோகிராம் அப்டேட் ஆனால் கட்டளையை மறுபடி ஓட்டவேண்டும். போட்டோ, எம்பி3 எல்லாம் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றில் ஒன்றும் தேறாது. யாராவது யுபிஎக்ஸ் என்ற சுருக்கும் புரோகிராமைப் போடச் சொன்னால் கேட்காதே, அது எக்ஸ்இ ஃபைலையே மாற்றிக் கட்டுகிறது, டிஜிட்டல் கையெழுத்து செல்லாமல் போகும், ஆன்டிவைரஸும் சந்தேகப்படும்.

கட்டளைகளை வாட்ஸப்பில் அனுப்புகிறேன், ஞாயிறு காலை போன் பண்ணு, சேர்ந்தே செய்வோம். அதற்குள் ஆடியோவை இன்னொரு பிரதி எடுத்து எனக்கும் அனுப்பு. மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டே அம்மா உன்னைத் திட்டுவார்களே, அது அதில் இருக்கிறதா?

அன்புடன்,
கணேசன்