ஆட்கள் வாரியாகப் பிரித்த பிறகே துல்லியத்தைச் சொல்லுங்கள்

மருத்துவப் படங்களில் ஆழ்கற்றல் ஆய்வுகளுக்கு வழிகாட்டும் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு கணினியைப் பயிற்றி அல்சைமர் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதாகச் சொல்லும் திட்டப்பணிகள் நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றுள் பலவற்றில் துல்லியம் 98, 99 விழுக்காடு என்று அச்சாகியிருப்பதைப் புறத்தேர்வாளனாகத் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த எண்களை ஏன் ஏற்க இயலவில்லை என்பதை உங்கள் முன் வைக்கவே இம்மடல்.

மாணவர்கள் பலர் கையாள்வது, தரவுகளைப் பகிரும் காகிள் இணையதளத்தில் உள்ள 6,400 படங்களின் தொகுப்பு. அதில் நோயற்றோர் படங்கள் 3,200. மிக லேசான பாதிப்பு 2,240. லேசான பாதிப்பு 896. மிதமான பாதிப்பு 64. இவற்றை 32-ஆல் வகுத்தால் 100, 70, 28, 2 என்று மீதியின்றி வருகிறது. 2007-இல் வெளியான ஒயாசிஸ் என்னும் அமெரிக்க மூளைப்படத் தரவுத்தொகுப்பிலும் அந்த மூன்று பாதிப்பு நிலைகளில் இருந்தவர்கள் முறையே 70, 28, 2 பேர்தாம். எனவே ஆளுக்கு 32 வெட்டுப்படங்கள் (மூளையின் குறுக்குவெட்டுப் படங்கள்) எடுக்கப்பட்டிருக்கின்றன என்றும், 'மிதமான பாதிப்பு' என்ற வகை முழுவதும் இரண்டே பேருடைய மூளை என்றும் கொள்ள வேண்டியிருக்கிறது.

எந்தப் படம் யாருடையது என்ற குறிப்பு அத்தொகுப்பில் இல்லை. படங்களைக் கலைத்து, பயிற்சிக்கு எண்பது விழுக்காடு, சோதனைக்கு இருபது விழுக்காடு என்று பிரிக்கும்போது, ஒருவருடைய பத்தாவது வெட்டு பயிற்சிக்கும் பதினொன்றாவது வெட்டு சோதனைக்கும் போய்விடுகிறது. அடுத்தடுத்த வெட்டுகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், நினைவாற்றலுக்கான மூளைப்பகுதியாகிய ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருப்பதைக் கற்காமலேயே, மண்டையோட்டின் வடிவத்தைக் கொண்டு ஆளை அடையாளம் கண்டே, பயிற்றப்பட்ட கணினி மாதிரி சரியான விடையைச் சொல்லிவிட முடியும். இது மாணவர்களின் தவறு மட்டுமன்று. 2020-இல் 'மெடிக்கல் இமேஜ் அனாலிசிஸ்' இதழில் வந்த மீளாய்வு, தான் பரிசீலித்த கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இத்தகைய தரவுக் கசிவு இருந்திருக்கலாம் என்று கூறியது.

'தொடக்கத்திலேயே' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டுகிறேன். மருத்துவர் ஏற்கெனவே நோயை உறுதிசெய்தவரின் படத்தை வகைப்படுத்துவது முன்கூட்டிக் கண்டறிதல் ஆகாது. 2018 இறுதியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தார் வெளியிட்ட ஆய்வு, நோய் உறுதியாவதற்குச் சராசரியாக ஆறு ஆண்டுகளுக்கும் முன்னர் எடுத்த, மூளையின் செயல்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேன்களைக் கொண்டு, பயிற்சியில் சேராத 40 பேரிடம் மாதிரியைச் சோதித்தது. எண்ணிக்கை சிறிதுதான், ஆனாலும் கேள்வியைச் சரியாகக் கேட்ட ஆய்வு அது.

ஆகவே, ஆள் அடையாள எண்ணோடு கிடைக்கும் மூலத் தரவையே மாணவர்கள் பயன்படுத்தவும், ஒருவருடைய எல்லாப் படங்களும் ஒரே பக்கம் நிற்குமாறு பிரிக்கவும், எத்தனை பேர் என்பதை ஆய்வுச் சுருக்கத்திலேயே எழுதவும், இயன்றால் வேறொரு மருத்துவமனையின் படங்களில் சோதிக்கவும் வலியுறுத்துங்கள். அப்படிச் செய்து துல்லியம் எண்பதுக்கு இறங்கினாலும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், நான் குறைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு புறத்தேர்வாளர்