தம்பிக்கு, பிளே ஸ்டோர் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். பாப்பா பரீட்சை முடித்துவிட்டாள். எப்படி எழுதினாய் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை, அதனால் நன்றாகத்தான் எழுதியிருப்பாள். மற்ற செய்திகளைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் ஒரு விஷயம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுவாய். போன ஞாயிறும் அப்படித்தான், மொத்தம் நான்கு நிமிடம். அதற்கு முந்தின ஞாயிறு அதுவும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இந்த ஆப் சந்தா. என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்துக்கொள்.

மூன்று மாதம் முன்பு ஒரு படிவத்தில் க்யூஆர் கோடு இருந்தது. அதைப் படிக்க ஒரு ஆப் இறக்கினேன். போனில் இருக்கிற கேமராவே அதைப் படிக்கும் என்று பாப்பா பிறகுதான் சொன்னாள். ஆப்பைத் திறந்ததும் ஒரு திரை. நடுவில் பெரிதாக, துடித்துக்கொண்டே "தொடர்க" என்று ஒரு பட்டன். மேலே மூலையில் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத ஒரு பெருக்கல் குறி. நான் தொடர்ந்துவிட்டேன். மூன்று நாள் இலவசம், அப்புறம் வாராவாரம் பணம். அதுவும் எழுதித்தான் இருந்திருக்கிறது, பட்டனுக்குக் கீழே எறும்பு எழுத்தில். கோடு படித்த கையோடு ஆப்பை நீக்கிவிட்டேன். தொல்லை முடிந்தது என்று நினைத்தேன்.

பதினோரு வாரம் ஓடியிருக்கிறது தம்பி. உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். "செவ்வாய்க்கிழமை ஆனால் போதும், உங்களுக்கு டிங்கென்று ஒரு மெசேஜ் வருகிறதே, யார் அது?" என்று கேட்டாள். பார்த்தால் பேங்க்.

ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். சந்தா போனில் இல்லை, கணக்கில் இருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டால் வாடகை நின்றுவிடுமா? நீக்கும்போதே "சந்தா இன்னும் ஓடுகிறது" என்று போன் எச்சரிக்குமாம், 2019இலிருந்தே அப்படி வைத்திருக்கிறார்களாம். வந்திருக்கும். வருகிற அறிவிப்பையெல்லாம் படிக்காமல் தள்ளிவிடுவதில் உன் அப்பா கெட்டிக்காரன் என்பது உனக்குத் தெரியாததா.

நிறுத்த வேண்டுமென்றால் பிளே ஸ்டோரைத் திற. மேலே வலது பக்கம் உன் படம் இருக்கிற வட்டத்தைத் தொடு. 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்', அதற்குள் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. ஓடிக்கொண்டிருப்பது எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். வேண்டாததைத் தொட்டு கேன்சல் கொடு. ஏன் என்று கேட்கும், எதையாவது சொல்லிவிட்டுக் கடைசி வரைக்கும் போ. பாதியில் விட்டால் கேன்சல் ஆகாது. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் மேலே இருக்கிற பெயரைத் தொட்டால் அங்கேயே சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். உன் அறையில் இருக்கிற அந்தப் பையனிடம் ஐபோன்தானே, அவனுக்கும் சொல்லிவை.

நானும் அப்படித்தான் உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு வரி இருந்தது. ஒன்று என் க்யூஆர். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசி வாரத்துப் பணம் திரும்பி வந்தது. வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் பிளே ஸ்டோரிலேயே ரீஃபண்ட் கேட்கலாம். அதைத் தாண்டினால் ஆப் செய்தவனிடம்தான் கேட்க வேண்டும். மீதிப் பத்து வாரத்துக்கு நானும் எழுதிப் போட்டேன், பதில் இல்லை. இந்த மாதிரி ஆப்களுக்கென்றே 'ஃபிளீஸ்வேர்' என்று 2019இல் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டு ரோமத்தைச் சிரைக்கிற கணக்காம். நாம் மொட்டை அடிப்பது என்று சொல்கிறோமே, அதேதான். வாரக் கணக்கு என்பதே ஒரு சூழ்ச்சி. தொகை சின்னதாகத் தெரியும். மாதச் சந்தா வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை, வாரச் சந்தா ஐம்பத்திரண்டு முறை. அதைப் பெருக்கிப் பார்க்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? எனக்கே இல்லை, முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன்.

ஃப்ரீ ட்ரையல் எடுத்தால், எடுத்த உடனேயே கேன்சல் செய்துவிடு. பெரும்பாலும் அந்த இலவச நாட்கள் முடிகிற வரை ஆப் வேலை செய்யும், ஏதாவது ஒன்றிரண்டில் உடனே நின்றுபோகலாம். கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் மறந்துபோகும். ஐபோனில் ட்ரையல் முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே நிறுத்தச் சொல்கிறார்கள். இன்னொன்று, ஆப்புக்குள் வாங்காமல் அவர்கள் வெப்சைட்டில் நேராகக் கார்டு கொடுத்து வாங்கியிருந்தால் அது பிளே ஸ்டோர் பட்டியலிலேயே வராது. அதற்குக் கார்டு ஸ்டேட்மென்ட்தான் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை பார். நீ பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். உன் முதல் சம்பளத்தில் எங்களுக்கு அனுப்பிவிட்டு உனக்கு என்ன மிச்சம் என்றே பார்க்காதவன்தானே நீ. அம்மா அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான், அப்போது சொல்லவில்லை.

ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கிற மாதிரி பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்.

இந்தப் பாஸ்வேர்டு விஷயத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு தாள் கிழித்தாயிற்று. எழுதிவிடுகிறேன்.

என் பதினோரு வாரக் கதைக்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். அதில் ஒன்று, 2014இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கு. பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் குழந்தைகள் விளையாட்டுக்குள் வாங்கியதற்காக ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அதே வருஷம் கூகுள் 1.9 கோடி டாலர். காரணம் என்ன தெரியுமா? அந்தக் காலத்தில் பெற்றோர் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால், ஒன்றில் 15 நிமிடம், மற்றதில் 30 நிமிடம், கதவு திறந்தே கிடக்குமாம். அதற்குள் பிள்ளை எத்தனை முறை தொட்டாலும் மறுபடி பாஸ்வேர்டு கேட்காது. பணம் போய்க்கொண்டே இருக்கும்.

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உனக்குப் புரிந்திருக்கும்.

நீ நாலாவது படித்தாய். நம் வீட்டில் அன்று இருந்தது எந்தக் கம்பெனி போன் என்பது முக்கியமில்லை. அந்த விளையாட்டை இறக்கித் தரச் சொல்லி நீ காலையிலிருந்து பின்னாலேயே வந்தாய். நான்தான் பாஸ்வேர்டு போட்டு, "இந்தா, கொஞ்ச நேரம்தான்" என்று கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நீ அந்தப் பச்சைக் கல்லைத் தொட்டுத் தொட்டு வாங்கியிருக்கிறாய். அது உனக்கு விளையாட்டுக் கல். மாசக் கடைசியில் பில் வந்தது. பாஸ்வேர்டைத் திருடினாயா என்று கேட்டேன். "நான் பாஸ்வேர்டு போடவே இல்லப்பா" என்றாய். பொய் வேறயா என்று இன்னும் இரண்டு வைத்தேன். அத்தை எதிரில். அவர் பிடித்து இழுக்காவிட்டால் இன்னும் அடித்திருப்பேன்.

நீ சொன்னது நிஜம். நீ பாஸ்வேர்டு போடவில்லை. நான் போட்டது.

அதற்கப்புறம் நீ என் போனைத் தொட்டதில்லை. என்னிடம் எதுவும் கேட்டதும் இல்லை. சைக்கிள் கேட்கவில்லை, சுற்றுலாவுக்குப் பணம் கேட்கவில்லை, காலேஜில் அந்த இரண்டாவது வருஷம் என்ன ஆயிற்று என்று இன்றுவரை சொல்லவில்லை. நான் அதை உன் ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டேன். "என் பையன் வாயைத் திறந்து எதுவும் கேட்க மாட்டான்" என்று ஆபீஸில் எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் உனக்குச் சங்கடமாக இருக்கும். எழுதாமலும் இருக்க முடியவில்லை. எழுதிவிட்டேன், நீ இதற்குப் பதில் சொல்ல வேண்டாம்.

சரி, அந்த இரண்டாவது வரி.

உன் போனில் பிளே ஸ்டோர் இன்னும் என் மெயிலில்தான் ஓடுகிறது. காலேஜில் சேரும்போது நான் போட்டுக்கொடுத்ததை நீ மாற்றவே இல்லை. அதனால் நீ வாங்குவது என் பட்டியலில் வருகிறது, ரசீது என் மெயிலுக்கு வருகிறது. உளவு பார்க்கிறேன் என்று நினைக்காதே. நான் கேன்சல் தேடிப் போனேன், அங்கே இருந்தது. தூக்கத்துக்கான ஆப். ஏழு நாள் ட்ரையல், வியாழனோடு முடிகிறது, அப்புறம் வருஷச் சந்தா. ரசீது வந்த நேரம் இரவு 3.17.

நானும் இறக்கிப் பார்த்தேன். மழைச் சத்தம், ரயில் சத்தம், யாரோ ஒருவர் மெதுவாக எண்ணுவது. மழைச் சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து, காயப்போட்ட துணியை எடுக்கவா என்று கேட்டாள். அவளிடம் நான் வேறெதுவும் சொல்லவில்லை.

வேலை அதிகமாக இருக்கும். புது இடம், அதுவும் காரணமாக இருக்கலாம்.

கேன்சல் பட்டன் என் போனிலேயே இருக்கிறது. ஒரு தொடுதல்தான். விரல் போயிற்று, எடுத்துக்கொண்டேன். உனக்கு அது உதவினால் இருக்கட்டும், பணம் என் கார்டில்தானே போகிறது, போகட்டும். தெரியாமல் தொட்டு வந்தது என்றால் புதன்கிழமைக்குள் நீயே நிறுத்திவிடு. வழி மேலே எழுதியிருக்கிறேன். ஆப்பை மட்டும் நீக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடாதே.

முறைப்படி பார்த்தால் நீ உன் சொந்தக் கணக்குக்கு மாறிக்கொள்ள வேண்டும். சம்பாதிக்கிற பிள்ளை, அப்பன் மெயிலில் எத்தனை நாள் இருப்பாய். ஆனால் அவசரமில்லை. மெதுவாகச் செய்யலாம்.

மற்ற செய்திகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: எனக்கும் இப்போதெல்லாம் மூன்று மணிக்கு விழிப்பு தட்டிவிடுகிறது. அப்புறம் தூக்கம் வருவதில்லை. போன் தலைமாட்டில்தான் இருக்கும்.