ஃப்ளெக்ஸ் வேண்டாம், முப்பது தூண்டில் போதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாத்தியார் மாமாவை நல்லபடியாக அனுப்பி வைத்தோம். சோழவந்தான், தென்கரை, முள்ளிப்பள்ளம் என்று கண்மாய்க்கரையில் தூண்டில் போடுகிற அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். பெரிய ஃப்ளெக்ஸ் வைக்கப் பணம் அனுப்புகிறேன் என்றாய். மதுரைப் பக்கம் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கா பஞ்சம்? பத்து நாளில் யார் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்காவது கூரையாகிவிடும். அதற்குப் பதிலாகக் கருமாதியன்று பிள்ளைகளுக்கு முப்பது தூண்டில் கொடுக்கிறோம். மனுஷன் ஒரு தூண்டிலைக்கூட விலைக்குக் கொடுத்ததில்லை, யார் கேட்டாலும் கட்டிக் கையில் கொடுத்துவிடுவார். நரம்பும் (நைலான் இழை) முள்ளும் (கொக்கி) நீ வாங்கி, அங்கேயே கட்டி எடுத்து வா. அவர் கட்டுகிற முறையை எழுதுகிறேன், மாற்றாதே.

முள் 10-ஆம் நம்பர், காது உள்ளதாகக் கேள். நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும். காசிமேட்டுப் பக்கம் வாங்கினால் கடல்மீனுக்கான பெரிய முள்ளைத்தான் முதலில் நீட்டுவார்கள். அது நம் கண்மாய் ஜிலேபி மீனின் வாய்க்குள் போகாது, மீன் மாவை மட்டும் கொத்திக்கொண்டு போய்விடும். நரம்பு 0.25 மி.மீ., 100 மீட்டர் சுருள் ஒன்று போதும். கம்பு ஏழடி, ஆகவே நரம்பையும் ஏழடியாக வெட்டு. முடிச்சுக்குப் போக ஆறரை அடி நிற்கும். கம்பைவிட நரம்பு நீண்டால் மாட்டிய மீன் கைக்கு வராது, பின்னால் நிற்கும் கருவேல மரத்தில்தான் போய்த் தொங்கும்.

முடிச்சில்தான் கவனம் வேண்டும். காதில் நரம்பை நுழைத்து, நுனியை நரம்பின் மேலேயே ஐந்து சுற்று சுற்று. காதை ஒட்டி ஒரு சிறு வளையம் நிற்கும். நுனியை அதில் விட்டு, எச்சில் தொட்டு, மெல்ல இழு. உலர்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் உரசுகிற சூட்டில் நைலான் நைந்துபோகும், பிறகு மீன் இழுக்கும்போது அங்கேதான் அறுபடும். 2 மி.மீ. விட்டு வெட்டு, ஒட்ட வெட்டினால் நழுவிவிடும்.

முனைக்குக் கீழே பின்பக்கமாக நிற்கும் எதிர்முள்ளைக் கட்டிங் பிளேயரால் அமுக்கிவிடு. நரம்பு தொய்ந்தால் மீன் கழன்றுவிடும் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நிஜம்தான். ஆனால் பிள்ளையின் விரலில் ஏறினால் வந்த வழியே வெளியே வந்துவிடும். சின்னவர்களுக்கு மாமா வேறு மாதிரி கட்டியதே இல்லை.

ஈயமும் தக்கையும் எங்கள் வேலை. உதிர்ந்த மயிலிறகுத் தண்டை நாலு அங்குலமாக நறுக்கி வைத்திருக்கிறோம். சைக்கிள் வால்வு டியூப்பைச் சின்ன வளையங்களாக வெட்டி நரம்பில் கோத்து, அதில் தக்கையைச் செருகுவோம். ஆழத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கலாம். ஈயம் முள்ளுக்கு நாலு விரல் மேலே. வாளித் தண்ணீரில் விட்டால் தக்கை ஒரு விரற்கடை வெளியே நிற்க வேண்டும். படுத்துக்கொண்டால் ஈயம் போதாது, மீன் கொத்துவதே தெரியாது. முங்கிவிட்டால் ஈயத்தில் கொஞ்சம் சீவி எடுக்க வேண்டியதுதான்.

இரைக்குக் கோதுமை மாவு 200 கிராம், வறுத்துப் பொடித்த கடலைப் புண்ணாக்கு 50 கிராம். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாகப் பிசைய வேண்டும், தண்ணீர் ஏறினால் வீசும்போதே கழன்று விழும். ஒரு தடவைக்குச் சுண்டைக்காய் அளவு போதும். (அயிரை பிடித்துத் தா என்று உன் மகன் கேட்பான். அது வலை வேலை, தூண்டிலுக்கு வராது.)

ஒவ்வொரு தூண்டிலோடும் ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறோம். மாமா கரையில் யாரையும் திட்டியது இந்த மூன்று விஷயத்துக்குத்தான். விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே வந்தால் அங்கே தூண்டில் போடக் கூடாது. காவலுக்கு நிற்கிற தாய் தகப்பனைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை. கெளுத்தி முள் குத்தினால் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது முக்கி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் டி.டி. ஊசி போட வேண்டும். முள் தண்ணீருக்குள் சிக்கினால் நரம்பை அறுத்துவிட வேண்டும், இறங்கி எடுக்கக் கூடாது. மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறதென்று மேலே தெரியாது.

கட்டிய நரம்பை ஒவ்வொன்றாகத் தெர்மாகோல் துண்டில் சுற்றி, முள்ளை அதிலேயே குத்தி வை. மொத்தமாகப் பையில் போட்டால் மதுரை வருவதற்குள் முப்பதும் ஒரே சிக்காகிவிடும். இரண்டு மூன்று கூடுதலாகவே கட்டு.

அன்புடன்,
அப்பா