பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு வேலை

பெங்களூரு,
கப்பன்பேட்டை

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிறு போனில் நீ அழாத குறையாகப் பேசியது மனசிலேயே நிற்கிறது. பறை, கரகாட்டம் என்று நீ இருக்கிற ஊர்ப் பூங்காவில் அவ்வளவு பாடுபட்டு விழா நடத்தியும், உள்ளூர்க்காரர்கள் நாலு பேர் எட்டிப் பார்த்து வடை தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி சத்தம் தாங்கவில்லை என்று புகார் எழுதிவிட்டாள். அழைப்பிதழை இன்னும் அழகாக அடித்திருக்கலாமோ என்று கேட்டாய். கோளாறு அழைப்பிதழில் இல்லை, கண்ணு.

1988-ல் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது எனக்கு இந்த ஊர்க் கரகத் திருவிழா பற்றி ஒன்றும் தெரியாது. நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் என்றால் தீமிதி. இங்கே அதே அம்மனுக்குச் சைத்ர மாதப் பௌர்ணமியன்று, நடுராத்திரிக்கு மேல், திகளர்பேட்டை தர்மராயசாமி கோயிலிலிருந்து பூக்கரகம் புறப்படும். எடுப்பவர்கள் திகளர்கள், தோட்டவேலைக்குப் பேர்போனவர்கள். அவர்கள் வீட்டுப் பேச்சில் தமிழும் கலந்து வரும். கன்னடத்தில் தமிழர்களான நம்மையே திகளர் என்று சொல்கிற வழக்கும் உண்டு. சரி, அது தனிக்கதை.

முதல் வருஷம் மாடி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தேன். மறுவருஷம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினாள். கையில் ஒரு குடம் தண்ணீர். "தாயி நம்ம வாசல் வழியா வர்றாங்க, நீயும் தெளி" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தெளித்தேன், தூக்கக் கலக்கத்தில் கோணலாக ஒரு கோலமும் போட்டேன். ரெண்டு மணி நேரம் கழித்து "கோவிந்தா, கோவிந்தா" என்ற குரல். உருவிய கத்தியோடு கரகத்துக்குக் காவலாக வரும் வீரகுமாரர்கள், நடுவில் சேலையும் வளையலுமாகக் கரகம் சுமப்பவர். தலையில் கூம்பாக மல்லிகை. கை அதைத் தொடவே இல்லை. ஒரு நொடிதான், என் கோலத்தை மிதித்துக்கொண்டு போய்விட்டார். ஈரத்தரையில் மல்லிகை சிதறிக் கிடந்தது, கோலத்தில் பாதி அவர் காலோடு போயிருந்தது. மறுநாள் காய்கறிக்காரரிடம் "எங்க கரகம்" என்று சொல்லிவிட்டு நானே திகைத்துப் போனேன்.

அந்தக் கரகம் காட்டன்பேட்டையில் மஸ்தான் சாபு தர்காவுக்கும் போகும், உனக்குத் தெரியும். சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். மதநல்லிணக்கம் என்று பேப்பர்காரர்கள் வருஷாவருஷம் எழுதுகிறார்கள். எனக்குப் பட்டது வேறு. அன்றைக்கு விருந்தாளி கரகம்தான். வரவேற்று உபசரிப்பது தர்காக்காரர்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் மேளச் சத்தத்தைப் பற்றி யாராவது புகார் எழுதுவார்களா?

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இப்போது தெருவுக்குத் தெரு அரசியல்வாதிகளின் ஃப்ளெக்ஸ், காதைக் கிழிக்கிற ஸ்பீக்கர். கரகச் சடங்குக்குரிய சம்பங்கி ஏரி போய், அங்கே கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது; ஒரு சின்னக் குளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் குளமாவது மிஞ்சியது கரகத்தால்தான் என்று நான் நினைக்கிறேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? பூங்காவில் மேடை போட்டு, நாற்காலி வரிசை போட்டு, "வந்து பாருங்கள்" என்றீர்கள். பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அடுத்த தடவை மேடைக் காசில் பாதியை மிச்சம் பிடி. கரகத்தை அந்தப் பாட்டியின் தெரு வழியாக நடத்திக் கொண்டுபோ. அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய் உட்கார். பறை எத்தனை மணிக்கு நிறுத்தினால் அவளுக்குத் தூங்க முடியும் என்று கேள்; அவள் சொல்கிற நேரத்தையே வைத்துக்கொள். அப்புறம், ஆடுகிற பிள்ளைகளுக்கு அவள் வாசலில் தண்ணீர் வைக்க முடியுமா என்று கேள். அவள் தோட்டத்தில் பூ இருந்தால் கரகத்துக்கு ரெண்டு கொத்து கேட்டு வாங்கு. மல்லிகைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதே, அங்கே எது பூக்கிறதோ அது.

வெறுங்கையோடு போகாதே. முறுக்கு எடுத்துப் போ, காரம் குறைத்துப் போட்டது. பாட்டி என்ன சொன்னாள் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு.

அன்புடன்,
அம்மா